கணினி கேள்வி-பதில்: ஒரே இன்ஷியல், வேறு வேறு வீடு

இந்த மாதம் வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே வியாதியைப் பற்றியவை. கோப்பின் பெயருக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று எழுத்து, அதுதான் எக்ஸ்டென்ஷன், அதை இரண்டு நிரல்மொழிகள் ஒரே நேரத்தில் சொந்தம் கொண்டாடுகின்றன, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள். சரி, பிரிண்டர் மை, வாட்சாப் பேக்கப் எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே பார்ப்போம். சுங்கை சிப்புட்டில் மூன்று நாளாக விடாத மழை, கடைக்கு ஆள் வரவில்லை, அதனால் பதில்கள் கொஞ்சம் நீளம்.

கேள்வி: அண்ணே, நான் பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இப்போது பினாங்கில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு. செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்குப் புரோலாக் என்ற நிரல்மொழியில் குடும்ப உறவுகளை எழுதச் சொன்னார்கள். கோப்புகளுக்கு டாட் பிஎல் (.pl) என்று முடியும்படி பெயர் வைத்தேன். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடு அதைப் பெர்ல் என்ற வேறு மொழி என்கிறது, நிறமெல்லாம் தாறுமாறு. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினால் அங்கேயும் 'பெர்ல் 100%' என்று பட்டை. விரிவுரையாளர் "நீ எந்த வகுப்பில் இருக்கிறாய்?" என்று கேட்டுச் சிரிக்கிறார். எல்லாக் கோப்புகளின் பெயரையும் மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதே தம்பி, பொறு.

உன் அடையாள அட்டையை எடுத்துப் பார். உன் பெயர், நடுவில் ஏ/எல் (மகன் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்), அப்புறம் அப்பாவின் முழுப்பெயர். அதையே கோயில் திருவிழா நோட்டீஸில் எப்படிப் போடுகிறோம்? எம். குமார். அந்த எம் மாணிக்கமா, முனியாண்டியா, மாரிமுத்துவா? லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கேட்கவே தேவையில்லை, நேற்று தோட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு வந்த கிராணிக்குத் தலைகால் புரியாது. எக்ஸ்டென்ஷனும் ஓர் இன்ஷியல்தான், பெயருக்கு முன்னால் வராமல் பின்னால் வருகிறது. விஎஸ் கோடு உன் கணினிக்கு வந்த புதுக் கிராணி.

புரோலாக் மூத்தது, 1972 வாக்கில் பிரான்ஸின் மார்செய் நகரில் அலென் கோல்மெரோவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கியது. பெர்ல் 1987இல் லாரி வால் வெளியிட்டது. இரண்டு கூட்டமும் டாட் பிஎல் என்று எழுதிப் பழகிவிட்டன, யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்பதற்கு அப்படி ஒரு பதிவு அலுவலகமும் கிடையாது. எம்எஸ் டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு மூன்று, அதற்கு மேல் இடமில்லை. யுனிக்ஸ்காரர்களுக்கு அப்படித் தடை இல்லாவிட்டாலும் தட்டச்சு செய்யச் சோம்பல், ஒன்று இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சேர்க்கை மொத்தமே 676. மோதாமல் என்ன செய்யும்?

விஎஸ் கோடு ஏன் பெர்ல் பக்கம் சாய்கிறது என்றால் காரணம் ரொம்பச் சாதாரணம். பெர்லுக்கு நிறம் பூசும் விதிகள் அதன் கூடவே வருகின்றன, புரோலாக்குக்கு வருவதில்லை. தெரிந்த ஒரே எம். குமாரைச் சொல்கிறது, அவ்வளவுதான். நிறம் தாறுமாறாவதற்கும் விளக்கம் உண்டு. புரோலாக்கில் குறிப்பு எழுதச் சதவீதக் குறி போடுவோம், பெர்லில் அது ஹாஷ் குறி. ஆகவே நீ எழுதிய குறிப்பு வரிகளை அது நிரல் என்றே படிக்கிறது, அதில் ஆங்கிலத்தில் 'டோன்ட்' என்று எழுதி ஓர் ஒற்றை மேற்கோள் குறி விழுந்துவிட்டால் போச்சு, அடுத்த மேற்கோள் குறி வரும் வரைக்கும் கீழே உள்ளதெல்லாம் ஒரே சரமாக ஒரே நிறத்தில் ஓடும். நிரலில் ஒரு தப்பும் இல்லை, பார்க்கிற கண்ணாடிதான் தப்பு.

முதலில் விஎஸ் கோடின் கடையில் புரோலாக் என்று தேடி ஒரு நீட்சியை நிறுவு. அப்புறம் அமைப்புகளில் 'ஃபைல்ஸ் டாட் அசோசியேஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதில் நட்சத்திரக் குறி, டாட் பிஎல் என்பதற்கு எதிரே புரோலாக் என்று போடு. கவனிக்க வேண்டியது இங்கேதான்: அந்தப் பக்கத்தின் மேலே 'யூசர்', 'ஒர்க்ஸ்பேஸ்' என்று இரண்டு தாவல் இருக்கும், நீ ஒர்க்ஸ்பேஸைத் தேர்ந்தெடு. யூசரில் போட்டால் உன் கணினியில் உள்ள எல்லா டாட் பிஎல் கோப்பும் புரோலாக் ஆகிவிடும், அடுத்த செமஸ்டரில் யாராவது ஒரு பெர்ல் ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்தால் இதே கதை தலைகீழாக ஆரம்பிக்கும். ஒர்க்ஸ்பேஸில் போட்டது அந்தக் கோப்புறைக்குள்ளேயே, டாட் விஎஸ்கோடு என்ற உள்கோப்புறையில் உட்கார்ந்துகொள்ளும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்த்துவிட்டால் உன் குழுவில் உள்ள மற்ற மூன்று பேருக்கும் சேர்த்துத் தீர்வு.

கிட்ஹப் வேறு ஆள். அங்கே மொழியைக் கண்டுபிடிப்பது லிங்குயிஸ்ட் என்ற நிரல், அது எக்ஸ்டென்ஷனை மட்டும் நம்புவதில்லை, அந்த வகையில் விஎஸ் கோடைவிடக் கெட்டி. எடிட்டர்களுக்கென்று கோப்புக்குள் எழுதும் குறிப்பு வரி உண்டா என்று முதலில் பார்க்கும், முதல் வரியில் எந்த நிரலால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஷிபாங் உண்டா என்று பார்க்கும், அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி வந்தால் உள்ளே சில அடையாளங்களைத் தேடும். பெர்லுக்கு 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' மாதிரி வரி. புரோலாக்குக்கு முக்காற்புள்ளியும் கோடும் சேர்ந்த அந்த ':-' குறி. எதுவும் அகப்படாவிட்டால் தன்னிடம் உள்ள மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் புள்ளியியல் கணக்கில் ஊகிக்கும்.

உன் கேள்வியில் நீ அனுப்பிய முதல் கோப்பைத் திறந்து பார்த்தேன். வெறும் உறவுப் பட்டியல், இவர் இவருக்கு அப்பா, இவர் இவருக்கு அம்மா என்று நாற்பது வரி, ஒரு விதிகூட இல்லை, விதி இல்லாததால் ':-' குறியும் இல்லை. அதனால்தான் ஊகத்துக்குப் போய்த் தோற்றது. (இடையில் ஒன்று: ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பார்த்து 'அங்கிள்' என்று ஒரே உறவாக எழுதி வைத்திருக்கிறாயே, மாமன், சித்தப்பா, பெரியப்பாவையெல்லாம் ஒன்றாக்கினால் நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் தட்டு ஏந்துவது? தனித்தனி விதிகளாக எழுது, மதிப்பெண்ணும் கூடும்.)

ஊகத்துக்கே இடம் கொடுக்காமல் இருக்க வழி உண்டு. கோப்புறையின் தலைமட்டத்தில் 'டாட் கிட்ஆட்ரிபியூட்ஸ்' என்று ஒரு கோப்பு உருவாக்கி ஒரே ஒரு வரி எழுது: நட்சத்திரக் குறி, டாட் பிஎல், ஓர் இடைவெளி, லிங்குயிஸ்ட், சின்னக் கோடு, லாங்குவேஜ், சமக்குறி, புரோலாக். அவ்வளவுதான். ஏற்றிய பிறகு பட்டை மாறக் கொஞ்ச நேரம் எடுக்கலாம், பதறாதே.

லினக்ஸில் ஓட்டுகிறாய் என்றால் இன்னொரு நல்ல பழக்கம் சொல்கிறேன், முதன்மைக் கோப்பின் முதல் வரியில், புரோலாக்கை ஓட்டும் மென்பொருளான எஸ்டபிள்யூஐ புரோலாக்கைச் சுட்டும் ஷிபாங் வரியைப் போடு. லினக்ஸ் கெர்னலுக்கு எக்ஸ்டென்ஷன் என்ற ஒன்று இருப்பதே ஒரு பொருட்டில்லை, அது பார்ப்பது கோப்பின் முதல் சில பைட்டுகளைத்தான்.

பெயர் மாற்றுவதைப் பற்றி. எஸ்டபிள்யூஐ புரோலாக்கில் டாட் புரோ என்று வைத்துக்கொள்ளலாம், பெர்லும் புரோலாக்கும் ஒரே கணினியில் இருப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அதே டாட் புரோவை க்யூடி திட்டக் கோப்புகளும், வானியல்காரர்கள் புழங்கும் ஐடிஎல் மொழியும் எடுத்து வைத்திருக்கின்றன. பிஎல் வீட்டுச் சண்டையிலிருந்து தப்பி புரோ வீட்டுச் சண்டைக்குள் போவாய். அதோடு ஒரு கோப்பு இன்னொரு கோப்பைப் பெயர் சொல்லி அழைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும். இரண்டு வரி எழுதினால் தீர்வதற்கு இவ்வளவு பாடு எதற்கு?

கேள்வி: வணக்கம் சார். தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன், இரசாயனப் பொறியியல் இறுதியாண்டு. செம்பனை ஆலைக் கழிவுநீர் பற்றிய என் ஆய்வுக்கு, கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப்பில் எழுதிய டாட் எம் (.m) கோப்புகள் நிறைய. அக்காவின் மேக் மடிக்கணினியில் அவற்றைச் சொடுக்கினால் ஆப்பிளின் நிரல் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடு திறந்து ஐந்து நிமிடம் சுற்றுகிறது. என் தோழி மேட்லேப் வாங்க வசதியில்லாமல் ஆக்டேவில் எழுதுகிறாள், அவள் கோப்பும் டாட் எம்தான், ஆனால் என்னிடம் ஓடுவதில்லை. இது எக்ஸ்டென்ஷன் பிரச்சினையா?

பதில்: தங்கச்சி, இதில் இரண்டு பிரச்சினை பின்னிக் கிடக்கிறது, பிரித்துவிடுகிறேன்.

எக்ஸ்கோடு திறப்பது மேக்கின் வேலை. ஆப்பிள் உலகில் டாட் எம் என்றால் ஆப்ஜெக்டிவ்-சி, ஐபோன் செயலிகள் பல வருடம் அதில்தான் எழுதப்பட்டன, 2014இல் ஸ்விஃப்ட் என்ற மொழி வந்த பிறகுதான் மவுசு குறைந்தது. ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து 'கெட் இன்ஃபோ' போங்கள், 'ஓபன் வித்' என்ற இடத்தில் மேட்லேப்பையோ வேறு எடிட்டரையோ வைத்து, கீழே உள்ள 'சேஞ்ச் ஆல்' பொத்தானை அழுத்துங்கள். அக்கா ஐபோன் செயலி எழுதுகிறவர் இல்லையென்றால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதுகிறவர் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு அழுத்துங்கள், சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

எம் என்ற அந்த ஓரெழுத்துக்கு இருக்கும் உரிமைக்காரர்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேட்லேப், ஆக்டேவ், ஆப்ஜெக்டிவ்-சி, மேத்தமேட்டிக்காவின் பழைய பொதிகள், மெர்க்குரி என்ற தருக்க மொழி, அப்புறம் 1960களில் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பிறந்து இன்றும் நோயாளிப் பதிவேடுகளை ஓட்டிக்கொண்டிருக்கும் மம்ப்ஸ். கண்ணுக்குத் தெரிந்தே ஆறு.

எக்ஸ்டென்ஷனை மாற்ற மட்டும் நினைக்காதீர்கள். மேட்லேப் இதில் பிடிவாதக்காரர். உங்கள் ஃபங்ஷனை அது தேடுவதே கோப்பின் பெயரை வைத்துத்தான், டாட் எம் இல்லாவிட்டால் எடுக்காது. பெயர் எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும், நடுவில் இடைவெளியோ சின்னக் கோடோ கூடாது. 'ஆய்வு-2' என்ற பாணியில் கோடு போட்டுப் பெயர் வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று கடைக்கு வந்த பிள்ளைகள் உண்டு.

தோழியின் கோப்பு கதை வேறு, எனக்கு இதுதான் சுவாரசியம். ஆக்டேவ் மேட்லேப்பைப் பின்பற்றி எழுதப்பட்ட இலவச மென்பொருள். மேட்லேப் நிரல் பெரும்பாலும் ஆக்டேவில் ஓடும், ஆனால் ஆக்டேவில் சில கூடுதல் சலுகைகள் இருக்கின்றன, அந்தச் சலுகையை ருசி பார்த்தவர் எழுதியது மேட்லேப்பில் ஓடாது. ஹாஷ் குறியில் குறிப்பு எழுதுவது, 'எண்ட்இஃப்' என்று முடிப்பது, கூட்டலும் சமக்குறியும் ஒட்டிய குறியால் மதிப்பைக் கூட்டுவது, ஆச்சரியக் குறியால் 'இல்லை' என்று சொல்வது, இவையெல்லாம் ஆக்டேவுக்குச் சம்மதம், மேட்லேப்புக்கு இல்லை. இங்கே எந்த மென்பொருளின் அமைப்பைத் திருத்தினாலும் பயனில்லை, இன்ஷியலும் ஒன்று, முகச்சாடையும் ஒன்று, அண்ணன் தம்பி மாதிரி. தோழியிடம் சதவீதக் குறி, வெறும் 'எண்ட்', அலைக்குறி என்று மேட்லேப் வழியிலேயே எழுதச் சொல்லுங்கள், அது இரண்டிலும் ஓடும். பழைய கோப்புகளை அவளையே உட்கார்ந்து திருத்தச் சொல்லுங்கள், நீங்கள் செய்து கொடுத்தால் அவள் மறுபடியும் அப்படியே எழுதுவாள்.

கேள்வி: ஐயா, மகன் வெப்சைட் செய்யப் பழகுகிறான். அவன் அனுப்பிய கோப்பைச் சொடுக்கினால் வீடியோ பிளேயர் திறக்கிறது, படம் ஒன்றும் வரவில்லை. டாட் டிஎஸ் (.ts) என்று முடிகிறது. வைரஸா? (ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர், தாப்பா)

பதில்: வைரஸ் இல்லை ஐயா, மகனைத் திட்டாதீர்கள். அவன் எழுதுவது டைப்ஸ்கிரிப்ட், மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட மொழி. அதற்கு முன்பே டாட் டிஎஸ் என்பது தொலைக்காட்சி ஒளிபரப்புக்குரிய டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் கோப்புகளின் எக்ஸ்டென்ஷன். 2019 அக்டோபரில் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறினோமே, அந்தப் பெட்டியில் பென்டிரைவ் செருகித் தீபாவளி நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் பல பெட்டிகள் டாட் டிஎஸ் என்றே சேமிக்கும். உங்கள் கணினிக்கு அந்த டிஎஸ்தான் பழக்கம்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஒளிபரப்புக் கோப்பு 188 பைட் 188 பைட்டாக வெட்டிய பொட்டலங்கள், ஒவ்வொன்றும் ஒரே அடையாளப் பைட்டில் ஆரம்பிக்கும், அளவு மெகாபைட், ஜிகாபைட் கணக்கில் இருக்கும். மகன் அனுப்பியது சில கிலோபைட் எழுத்து. நோட்பேடில் திறந்து பாருங்கள், படிக்க முடிந்தால் டைப்ஸ்கிரிப்ட்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, அந்தக் கோப்பை அப்படியே சர்வரில் வைத்து பிரவுசர் பக்கத்தில் இணைத்தால் சில சர்வர்கள் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து "இது வீடியோ" என்று சொல்லி அனுப்பும், பிரவுசர் அதை ஓட்ட மறுக்கும். அப்போது நிரலில் பிழை தேடி ராத்திரி முழுக்க உட்காராதே. ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

ஐயாவின் பயம் முழுக்கத் தவறும் இல்லை. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' புழு காதல் கடிதம் என்ற பெயரில், டாட் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் காட்டி, அதற்கும் பின்னால் டாட் விபிஎஸ் என்ற உண்மையான முடிவை ஒளித்து வைத்திருந்தது. விண்டோஸ் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்துக் காட்டும் பழக்கம் உள்ளது, அதனால் பலருக்குக் கடைசி வால் தெரியவே இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்துவிடுங்கள். என் கடைக்கு வரும் ஒவ்வொரு கணினியிலும் நான் கேட்காமலே செய்து கொடுக்கும் ஒரே வேலை இது.

கேள்வி: என் விரிவுரையாளர் தன் பழைய பென்டிரைவிலிருந்து கொடுத்த சி நிரல்கள் என் விண்டோஸ் கணினியில் ஜிசிசி கம்பைலரில் நன்றாக ஓடின. பல்கலைக்கழக லினக்ஸ் சர்வரில், நினைவகத்தில் இடம் கேட்கும் மாலாக் வரியிலேயே பிழை. ஒரே கம்பைலர்தானே, ஏன்? (கூலாய் வாசகி)

பதில்: அங்கே கோப்புகளின் பெயர் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும், கடைசி சி உட்பட. டாஸ் காலத்துப் பெயர்கள் அப்படித்தான் இருக்கும், விரிவுரையாளர் டர்போ சியில் எழுதியவராக இருப்பார்.

ஜிசிசிக்குச் சின்ன சி என்றால் சி மொழி, பெரிய சி என்றால் சி பிளஸ் பிளஸ். விண்டோஸில் நீங்கள் சின்ன எழுத்தில் பெயரைத் தட்டினீர்கள், விண்டோஸ் பெரிசு சின்னது பார்க்காமல் கோப்பை எடுத்துக் கொடுத்தது, ஜிசிசி கண்ணில் பட்டது நீங்கள் தட்டிய சின்ன சி. லினக்ஸில் பெயரை உள்ளபடியே தட்டினால்தான் கோப்பு கிடைக்கும், தட்டினீர்கள், சி பிளஸ் பிளஸ் ஆகிவிட்டது. மாலாக் தரும் வாய்ட் பாயின்டரை, அதாவது வகை சொல்லாத நினைவக முகவரியை, சி மொழி எந்த வகைப் பாயின்டரிலும் சத்தமில்லாமல் போட்டுக்கொள்ளும், சி பிளஸ் பிளஸ் வெளிப்படையாக மாற்றச் சொல்லும். அதுதான் உங்கள் பிழை.

பகாவ் தம்பிக்குப் பெயரை மாற்றாதே என்றேன், உங்களுக்கு மாற்றுங்கள் என்பேன். அங்கே இரண்டு பேருக்கும் நியாயமான உரிமை இருந்தது, இங்கே பெயரே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள். விரிவுரையாளரின் கோப்பில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் ஜிசிசிக்கு 'சின்னக் கோடு எக்ஸ்' என்ற விருப்பத்தோடு சி என்று கொடுத்தால் எக்ஸ்டென்ஷனைப் பார்க்காமல் சி என்றே எடுத்துக்கொள்ளும், கோப்பின் பெயருக்கு முன்னால் அதைக் கொடுக்க வேண்டும். அசெம்பிளி எழுதுகிறவர்களுக்கும் இதே பொறி இருக்கிறது, பெரிய எஸ் என்றால் முதலில் ப்ரீபிராசசர் வழியாகப் போகும், சின்ன எஸ் என்றால் போகாது.

கேள்வி: நிறம் மாறுவது, தப்பான மென்பொருள் திறப்பது தவிர இதனால் உண்மையில் நஷ்டம் உண்டா? சும்மா பெரிதுபடுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பதில்: உண்டு. எனக்கே நடந்தது. பல வருடத்துக்கு முன் ஈப்போவில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, சி நிரல் ஒன்றின் சில பகுதிகளை டி மொழியில் எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை. டி மொழிக் கோப்பு டாட் டி. ஜிசிசியிடம் எந்தக் கோப்பு எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னால் அது உருவாக்கும் பட்டியல் கோப்பும் டாட் டி. இரண்டும் ஒரே கோப்புறையில். வேலை முடிந்ததும் குப்பை பெருக்க 'மேக் கிளீன்' என்று தட்டினேன், அந்த மேக்ஃபைலில், அதாவது நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பில், எப்போதோ நானே எழுதிய வரி, டாட் டி என்று முடியும் அத்தனையையும் அழி என்று. அழித்தது. மூன்று நாள் வேலை, இன்னும் கிட்டில் சேர்க்கவில்லை. வெளியே போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து எழுதினேன், யாரிடமும் சொல்லவில்லை.

அழிக்காமல் விட்டாலும் ஆபத்துதான். ஒரே பெயரில் ஒரு சி கோப்பும் ஒரு டி கோப்பும் பக்கத்தில் இருந்தால் ஜிசிசி தன் பட்டியலை அதே பெயரில் எழுதி உங்கள் நிரலை மூடிவிடும். ஆகவே கருவி உருவாக்கும் கோப்புகளை 'பில்டு' என்று ஒரு தனிக் கோப்புறைக்குள் போகும்படி செய்யுங்கள், அழிக்கும் கட்டளை அந்தக் கோப்புறையை மட்டும் தொடட்டும். நட்சத்திரக் குறி போட்டு எக்ஸ்டென்ஷனால் அழிக்கும் வரி உங்கள் மேக்ஃபைலில் இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நானும் என் நண்பனும் தமிழில் எழுதக்கூடிய ஒரு சின்ன நிரல்மொழி செய்துகொண்டிருக்கிறோம், கோலசிலாங்கூரில்தான், பொழுதுபோக்காக. கோப்புகளுக்கு டாட் மொழி என்று தமிழிலேயே எக்ஸ்டென்ஷன் வைக்கலாமா? வைத்தால் யாரோடும் மோதாது அல்லவா?

பதில்: ஆசை நல்லது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை முத்து அண்ணாமலை செய்தார், அதன் கோப்புகள் டாட் என் என்று ஓரெழுத்தில் முடியும், அதே எழுத்தை நெமர்லே என்ற மொழியும் வைத்திருக்கிறது. ஆக, மோதல் பற்றி நீங்கள் யோசிப்பது சரியே. தமிழ் எழுத்தில் பெயர் வைக்க விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அனுமதிக்கும்.

ஆனால் 'மொழி' வேண்டாம். அதில் உள்ள 'மொ' எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே யூனிகோடு எழுத்தாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் ஒற்றைக் கொம்பு ஒன்று, பின்னால் வரும் கால் ஒன்று என்று இரண்டு எழுத்தாகவும் வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. லினக்ஸ் கோப்பின் பெயரைப் பைட் பைட்டாக ஒப்பிடும், அதற்கு இவை இரண்டும் வேறு வேறு எக்ஸ்டென்ஷன். உன் நண்பனின் விசைப்பலகை ஒரு விதமாகவும் உன்னுடையது வேறு விதமாகவும் தட்டினால், யாரோடும் மோதக் கூடாது என்று வைத்த பெயர் உங்கள் இரண்டு பேருக்குள்ளேயே மோதும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஒ, ஓ, ஔ குறி மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 'நிரல்' என்று வைத்தால் அப்படிப்பட்ட குறி எதுவும் அதில் இல்லை.

அதோடு, ஆங்கில எழுத்தில் ஆறேழு எழுத்து நீளத்தில் இன்னொன்றையும் வைத்து இரண்டையும் உங்கள் மொழி ஏற்கும்படி செய்துவிடுங்கள், பள்ளிக்கூடக் கணினிகளில் தமிழ் விசைப்பலகை பெரும்பாலும் இருக்காது. இப்போது எந்த மென்பொருளும் மூன்றெழுத்துக்குள் அடங்கச் சொல்லவில்லை. முடிவு செய்வதற்கு முன் லிங்குயிஸ்ட்டின் மொழிப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப்பிலேயே இருக்கிறது, அதில் நீங்கள் நினைத்திருக்கும் எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். மொழி ஓட ஆரம்பித்ததும் ஒரு மாதிரி நிரலை எனக்கு அனுப்புங்கள், கடையில் உள்ள மூன்று கணினியிலும் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.